அர்னால்டா, ரோனியா? வெவ்வேறு காலத்து ஆணழகர்களை ஒப்பிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜிம்மில் ஒரு செட்டுக்கும் அடுத்த செட்டுக்கும் நடுவே ஓய்வெடுக்கும்போது கிளம்பும் சண்டைகளில் இது பழையது. அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் பெரியவரா, ரோனி கோல்மன் பெரியவரா, அந்தக் காலத்து உடம்பு நிஜமா, இந்தக் காலத்து உடம்பு நிஜமா என்று ஆரம்பித்து எங்கெங்கோ போகும். திரும்பத் திரும்ப என் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன். பெரும்பாலும் மிஸ்டர் ஒலிம்பியாவின் ஆண்கள் ஓப்பன் பிரிவை, அதாவது எடை வரம்பு இல்லாத பிரிவைப் பற்றித்தான். கடைசியில் பெண்கள் பிரிவும் வருகிறது.

மிஸ்டர் ஒலிம்பியாவும் மிஸ்டர் யூனிவர்ஸும் ஒண்ணுதானே?

வேறு வேறு. மிஸ்டர் யூனிவர்ஸ் 1940-களிலேயே வந்துவிட்டது. 1948-ல் லண்டனில் ஜான் கிரிமெக் ஜெயித்தார், 1950-ல் ஸ்டீவ் ரீவ்ஸ். அப்புறம் ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் இதே பெயரில் பட்டம் கொடுக்க ஆரம்பித்தன. அதனால் ஒருவரை ‘மிஸ்டர் யூனிவர்ஸ்’ என்று சொன்னால், எந்த அமைப்பு, எந்தப் பிரிவு என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தியாவின் மனோதோஷ் ராய் (1951), மனோகர் ஐச் (1952), பிரேம்சந்த் (1988) மூவரும் அவரவர் பிரிவில் ஜெயித்தவர்கள். மனோகர் ஐச் ஐந்தடியைக்கூடத் தொடாதவர். உயரப் பிரிவு என்று ஒன்று இல்லாவிட்டால் அவர் பெயரே நமக்குத் தெரியாமல் போயிருக்கும்.

மிஸ்டர் ஒலிம்பியாவை ஜோ வீடர் 1965-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கினார். யூனிவர்ஸ் ஜெயித்தவர்களுக்கு அதற்கு மேல் போட்டியிட இடமில்லை என்பதுதான் காரணம். ஆக, இது சாம்பியன்களுக்கான சாம்பியன் பட்டம். முதல் இரண்டு வருடமும் ஜெயித்தவர் லாரி ஸ்காட்.

மேடையில எதை வச்சு மார்க் போடுறாங்க? பெரிய உடம்பு இருந்தா போதுமா?

மூன்று விஷயம் பார்க்கிறார்கள். ஒன்று, தசையின் அளவு. இரண்டு, அளவுப் பொருத்தம்: மேலுடம்பும் காலும், இடதும் வலதும், தோளும் இடுப்பும் ஒன்றுக்கொன்று சேர்ந்து வருகிறதா என்பது. மூன்று, ஜிம்மில் நாம் ‘கட்’ என்று சொல்வது. தோலுக்கடியில் கொழுப்பும் நீரும் எவ்வளவு வற்றியிருக்கிறது, தசைநார் கோடு கோடாகத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். முதலில் சும்மா நிற்க வைத்து நாலு பக்கமும் திருப்புவார்கள். பிறகு டபுள் பைசெப்ஸ், லேட் ஸ்ப்ரெட், சைடு செஸ்ட் போன்ற கட்டாய போஸ்கள். நடுவர் போடுவது இடத்தைத்தான்: முதலிடத்துக்கு 1, இரண்டாமிடத்துக்கு 2. கூட்டிப் பார்த்து குறைந்த புள்ளி வாங்கியவர் ஜெயிப்பார்.

விதிப் புத்தகத்தில் இந்த மூன்றும் எப்போதும் இருக்கின்றன. எதற்கு எவ்வளவு எடை கொடுக்கிறார்கள் என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியது. அதைச் சொல்லாமல் ‘யார் பெரியவர்’ என்று கேட்டால், என்ன விளையாட்டு என்று சொல்லாமலே ஜெயித்தவர் யார் என்று கேட்பதாகிவிடும். கீழே வரும் பதில்களில் பாதி இங்கேதான் வந்து நிற்கும்.

காலம் காலம்னு சொல்றீங்களே, எப்படிப் பிரிக்கிறது?

கோடு போட்டுப் பிரிக்க முடியாது, ஆனால் ஒரு வழக்கம் இருக்கிறது. 1940, 50-கள் கிரிமெக், ரீவ்ஸ், ரெக் பார்க் காலம். 1965 முதல் 1980-களின் தொடக்கம் வரை ‘பொற்காலம்’ என்பார்கள்: ஸ்காட், செர்ஜியோ ஒலிவா, அர்னால்ட், பிராங்கோ கொலம்பு, பிராங்க் ஸேன். 1984-லிருந்து 1991 வரை லீ ஹேனி. 1992-ல் டோரியன் யேட்ஸ் வந்ததும் ‘சைஸ்’ காலம் தொடங்கியது. ரோனி கோல்மன் 1998 முதல் 2005 வரை அதை உச்சத்துக்குக் கொண்டுபோனார். அதற்குப் பிறகு ஜே கட்லர், ஃபில் ஹீத், பிக் ராமி என்று இன்றுவரை ஒரே நீட்சிதான்.

இதில் ஹேனிக்குக் கிடைக்க வேண்டிய பேச்சு கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம். பழைய காலத்து ஒல்லி இடுப்பையும் புதிய காலத்து எடையையும் ஒன்றாக வைத்திருந்தவர் அவர். இரண்டு கட்சிக்காரர்களும் அவரைத் தங்கள் ஆளாகச் சொல்லிக்கொள்ளாததால் சண்டையில் அவர் பெயரே வருவதில்லை.

ஸாண்டோ உடம்பு இன்னைக்கு எங்க ஜிம் பையன்களுக்கே இருக்கே. அவருக்கு எதுக்கு சிலை?

மிஸ்டர் ஒலிம்பியா கோப்பையில் நிற்பது யூஜின் ஸாண்டோவின் உருவம். நம் ஊரில் சாண்டோ சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் நிற்பதும் இவர் பெயர்தான். 1901 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் இவர் ஒரு பெரிய உடற்கட்டுப் போட்டி நடத்தினார். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள் எழுதிய ஆர்தர் கோனன் டாயில் நடுவர்களில் ஒருவர். நாட்டிங்காமைச் சேர்ந்த வில்லியம் முர்ரே ஜெயித்தார்.

அங்கே அறிவித்திருந்த அளவுகோல்களில் உடம்பின் சமமான வளர்ச்சி, பொதுவான ஆரோக்கியம், தோலின் நிலை எல்லாம் இருந்தன. தோலுக்கு மார்க் போட்ட காலம் அது! அந்த அளவுகோலை வைத்தால் இன்றைய ஓப்பன் பிரிவு சாம்பியன் தோற்றாலும் தோற்பார். இன்றைய அளவுகோலை வைத்தால் ஸாண்டோ மாவட்டப் போட்டியில்கூட நிற்க மாட்டார். அந்தச் சிலை அவர் உடம்பை மட்டும் நினைத்து வைத்ததில்லை. மேடை போட்டு, நடுவர் வைத்து, உடம்பைப் பார்த்துப் பரிசு கொடுக்கலாம் என்று செய்து காட்டியவர் அவர்.

அர்னால்ட் 7, ஹேனி 8, ரோனி 8. எண்ணிப் பார்த்தா முடிஞ்சுதே, இதுல என்ன சண்டை?

ஒவ்வொரு பட்டத்துக்கும் எதிரே யார் நின்றார்கள் என்று பாருங்கள். 1965-ல் முதல் ஒலிம்பியாவில் போட்டியிட்டதே மூன்று பேர். 1968-ல் ஒலிவா எதிராளியே இல்லாமல் ஜெயித்தார். 1971-ல் பாரிஸில் அர்னால்டும் அப்படித்தான், தனி ஆளாக ஜெயித்தார். அதே வருடம் ஒலிவா, ரெக் பார்க், பில் பெர்ல் எல்லாரும் லண்டனில் வேறொரு அமைப்பின் யூனிவர்ஸ் போட்டியில் மோதினார்கள், பெர்ல் ஜெயித்தார். 1971-ன் உலகச் சாம்பியன் யார்? நான் பெர்லைச் சொல்வேன். ஒலிம்பியா பட்டியலில் அவர் பெயர் ஒரு வருடத்தில்கூட இல்லை.

1980 இன்னொரு தனிக்கதை. ஐந்து வருடம் ஒதுங்கியிருந்த அர்னால்ட் சிட்னி ஓப்பரா ஹவுஸில் திடீரென்று மேடையேறி ஜெயித்தார். கிரிஸ் டிக்கர்சன் இரண்டாமிடம், அதுவரை தொடர்ந்து மூன்று முறை ஜெயித்திருந்த ஸேன் மூன்றாமிடம். கூட்டத்தில் கூச்சல். அதே மேடையில் நின்ற மைக் மென்ட்ஸர் அதோடு போட்டிகளையே விட்டுவிட்டார். 1975-ல் இருந்த தொடை 1980-ல் அர்னால்டிடம் இல்லை என்பதை அந்தப் படங்களைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். எண்ணிக்கையில் அந்த ஒன்றையும் மற்ற ஆறோடு சமமாகச் சேர்த்துவிடுகிறோம்.

எதிரே கூட்டம் நிற்க, ஒரு வருடம்கூட விடாமல் எட்டு வாங்கியவர்கள் ஹேனியும் ரோனியும். எண்ணிக்கைக்கு மதிப்பு உண்டு என்றால் இவர்கள் இருவருக்கும்தான் முதலில்.

அர்னால்ட் கை 22 இன்ச்னு போட்டிருக்கே. டேப் வச்சு ஒப்பிட்டா தெரிஞ்சுடாதா?

மேடையில் யாரும் டேப் வைப்பதில்லை. பத்திரிகைகளில் வரும் அளவு பெரும்பாலும் போட்டி இல்லாத மாதங்களில், எடை கூடியிருக்கும்போது, நன்றாகப் பம்ப் ஏற்றிவிட்டு, அதாவது பயிற்சியால் ரத்தம் ஏறித் தசை புடைத்திருக்கும்போது எடுத்தது. சிலது எடுக்காமலே எழுதியது. போட்டிக்கு வற்றவைத்த பிறகு அதே கை சிறுத்துவிடும், ஆனால் பார்வைக்குப் பெரிதாகத் தெரியும். டேப் கொழுப்பையும் சேர்த்து அளக்கும், கண் கோடுகளைப் பார்க்கும்.

டேப்புக்கு மரியாதை இருந்த காலமும் உண்டு. கழுத்து, கை, கெண்டைக்கால் மூன்றும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று அப்போது ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ஸ்டீவ் ரீவ்ஸின் புகழில் பாதி அதனால் வந்தது. எந்த அளவு பெரியது என்பதைவிட எந்த அளவு எதோடு சமம் என்று பார்த்தவர்கள் அவர்கள்.

சரி, எடை? அது பொய் சொல்லாதே?

உயரத்தைச் சேர்க்காமல் எடையை மட்டும் சொன்னால் அதுவும் பொய் சொல்லும். பரவலாக அச்சான மேடை எடைகளைச் சுமாராக எடுத்து, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பார்ப்போம். அர்னால்ட் 188 செ.மீ., 107 கிலோ: 30. ஸேன் 175 செ.மீ., 84 கிலோ: 27. ஹேனி 180 செ.மீ., 111 கிலோ: 34. யேட்ஸ் 178 செ.மீ., 117 கிலோ: 37. ரோனி 180 செ.மீ., 1998-ல் 113 கிலோவுக்கு 35, 2003-ல் 130 கிலோவுக்கு 40.

இதில் எனக்குப் பிடித்தது கொலம்பு. 165 செ.மீ. உயரத்தில் 84 கிலோ, அதாவது 31. குள்ளம் என்று ஓரமாக வைக்கப்படுபவர் இந்தக் கணக்கில் அர்னால்டைவிட ஒரு நூல் முன்னால் நிற்கிறார். அதிலும் இந்த வகுத்தல் உயரமானவர்களுக்குக் கொஞ்சம் சாதகமானது. 1975-ல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் 200 பவுண்டுக்கு மேல், கீழ் என்று இரண்டு பிரிவு வைத்து, மேல் பிரிவில் ஜெயித்த அர்னால்டும் கீழ் பிரிவில் ஜெயித்த கொலம்புவும் கடைசியில் நேருக்கு நேர் நின்றார்கள். உயரமானவர் ஜெயித்தார். எடைப் பிரிவு எதற்கு வந்தது என்பதற்கு அந்த ஒரு மேடை போதும்.

பழைய ஆளுங்க எல்லாம் நேச்சுரல், இப்ப இருக்கிறவங்கதான் ஸ்டீராய்டு. சரியா?

தவறு. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை 1935-லேயே செயற்கையாகத் தயாரித்துவிட்டார்கள். டயனபால் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 1958-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அர்னால்ட் தான் ஸ்டீராய்டு எடுத்ததை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். அவர் காலத்தில் அது சட்டவிரோதமும் இல்லை. அமெரிக்காவில் ஸ்டீராய்டைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்த சட்டம் 1990-ல்தான் வந்தது. அதே 1990-ல் ஒலிம்பியாவில் சோதனை வைத்துப் பார்த்தார்கள், ஹேனி அதிலும் ஜெயித்தார். அர்னால்ட் பெயரில் நடக்கும் அர்னால்ட் கிளாசிக் போட்டியில் அந்த வருடம் ஜெயித்த ஷான் ரே சோதனையில் சிக்கிப் பட்டத்தை இழந்தார். பிறகு அந்தச் சோதனை தொடரவில்லை.

வித்தியாசம் எதில் என்றால் மருந்தின் வகையிலும் அளவிலும். வளர்ச்சி ஹார்மோன் 1985-ல் செயற்கையாகக் கிடைக்க ஆரம்பித்தது. இன்சுலினும், உடம்பிலிருந்து நீரை வடிக்கும் மருந்துகளும் மேடைக்குப் பின்னால் புழங்கின. அதன் விலையும் தெரிந்ததே: 1992-ல் மொகமது பெனசீசா ஒரு போட்டி முடிந்த சில மணி நேரத்தில் இறந்தார், 1996-ல் ஆண்ட்ரியாஸ் முன்ட்ஸர் 31 வயதில் இறந்தார். ஆகவே மருந்தைக் கழித்துவிட்டு ஒப்பிடுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்தக் காலத்தில் எவ்வளவு கழிக்க வேண்டும் என்ற கணக்கு யார் கையிலும் இல்லை.

போட்டோவைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா தப்பா?

பார்க்கலாம், சில எச்சரிக்கைகளோடு. விளக்கு நேர் மேலேயிருந்து விழுந்தால் ஒவ்வொரு தசைக்கும் கீழே நிழல் விழும், கோடுகள் இரட்டிப்பாகத் தெரியும். முன்னாலிருந்து விழுந்தால் எல்லாம் தட்டையாகிவிடும். தாழ்வான கேமரா உயரத்தைக் கூட்டிக் காட்டும். கருப்பு வெள்ளைப் படம் இன்னும் மோசம், அல்லது இன்னும் நல்லது, எடுப்பவரைப் பொறுத்து. 1993-ல் பர்மிங்காமின் டெம்பிள் ஜிம்மில் யேட்ஸை எடுத்த கருப்பு வெள்ளைப் படங்கள் போட்டிக்கு ஏழு வாரம் முன்பு எடுத்தவை. அதைக் கொண்டுபோய் அர்னால்டின் மேடைப் படத்துக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள்.

ஒரே போஸ், ஒரே பக்கம், இரண்டும் மேடையில் எடுத்தவை, முடிந்தால் வீடியோ என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் மட்டும் பார்க்காதீர்கள். 1970-களின் பெரும்பாலான சாம்பியன்கள் முன்னாலிருந்து பார்த்தால் இன்றைக்கும் தாக்குப்பிடிப்பார்கள். திரும்பி நிற்கச் சொன்னால்தான் இடைவெளி தெரியும். யேட்ஸ் பின்பக்க டபுள் பைசெப்ஸ் போட்டால் அடிமுதுகில் மரம் மாதிரி கிளைத்துக் கோடுகள் எழும்பும். ரோனிக்குப் பிட்டத்திலும் பின்தொடையிலும் கோடு. அந்த இடத்தை வற்றவைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே அர்னால்ட் காலத்தில் இல்லை.

ரெண்டு காலத்துலயும் நின்ன ஆள் யாராவது இருந்தா அவரை வச்சு அளக்கலாமே?

நல்ல கேள்வி, அப்படிச் சிலர் இருக்கிறார்கள். ஒலிவா 1969-ல் அர்னால்டை வென்றவர், 1970-லும் 1972-லும் அவரிடம் தோற்றவர். அதே ஒலிவா 1984-ல் திரும்பி வந்து ஹேனிக்கு எதிரே நின்று எட்டாமிடம் வாங்கினார். அப்படியானால் ஹேனி அர்னால்டைவிடப் பெரியவரா? ஒலிவாவுக்கு அப்போது 43 வயது, ஹேனிக்கு 24. பதில் கிடைக்கவில்லை.

ஆல்பர்ட் பெக்கிள்ஸ் எதிர்த்திசையில் இழுக்கிறார். 1975-ல் பிரிட்டோரியாவில் கீழ் பிரிவில் கொலம்புவுக்குப் பின்னால் மூன்றாமிடம். பத்து வருடம் கழித்து, 1985-ல், ஹேனிக்கு அடுத்து இரண்டாமிடம். வயதானவர் முன்னேறியிருக்கிறார், ஏனென்றால் காலத்தோடு சேர்ந்து அவரும் வற்றக் கற்றுக்கொண்டார். அப்புறம் யேட்ஸும் ரோனியும். 1997-ல் இருவரும் ஒரே மேடையில். யேட்ஸ் முதலிடம், ரோனி ஒன்பதாமிடம்! அடுத்த வருடமே ரோனி சாம்பியன். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியைப் பிடித்தாலும் ஒருவர் ஏறிக்கொண்டிருப்பார் அல்லது இறங்கிக்கொண்டிருப்பார். இருவரும் உச்சத்தில் மோதியது அபூர்வம். அர்னால்டும் ஒலிவாவும் மோதிய 1970, 1972 அந்த வகை. 1972-ல் ஜெர்மனியின் எசெனில் நடந்த முடிவை இன்றுவரை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். நேருக்கு நேர் நின்றதற்கே முடிவு வரவில்லை என்றால் மற்றதைக் கேட்பானேன்.

இப்ப ஜெயிக்கிறவங்களுக்கு ஏன் வயிறு முன்னாடி தள்ளுது? ஸேன் வயிறு முதுகோட ஒட்டியிருக்குமே?

ஸேன் செய்தது மூச்சை வெளியே விட்டு வயிற்றை உள்ளே இழுத்து நிறுத்தும் போஸ். அது பயிற்சியால் வருவது, அன்று அதற்குக் கைதட்டல் இருந்தது. பிறகு எடை ஏற ஏற, சாப்பாட்டின் அளவும் ஏறியது. முன்சொன்ன மருந்துகளுக்கும் இதில் பங்குண்டு என்று பரவலாகச் சொல்கிறார்கள். தள்ளிய வயிற்றோடு ஒருவர் ஜெயித்தால் அடுத்தவர் அதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். 2015-ல் அர்னால்டே தன் பெயரில் நடக்கும் போட்டியின்போது, ‘வி’ வடிவத்தில் இருந்த உடம்பு இப்போது பாட்டில் வடிவத்துக்கு வந்துவிட்டது என்று நடுவர்களைக் குறை சொன்னார்.

அர்னால்ட் 1974 உடம்போட இன்னைக்கு ஏறினா எத்தனையாவது வருவார்?

ஓப்பன் பிரிவில் முதல் பத்தில் வருவது கஷ்டம். நெஞ்சும் கையும் இன்றைக்கும் பேசும், தொடையும் அடிமுதுகும் காட்டிக்கொடுத்துவிடும். அவருக்குப் பொருத்தமான இடம் 2016-ல் ஒலிம்பியாவில் சேர்த்த கிளாசிக் பிசிக் பிரிவு. உயரத்துக்கு ஏற்ற எடை வரம்பு வைத்து, பொற்காலத்து உடம்பைத் திரும்பக் கொண்டுவருவதற்காகவே உருவான பிரிவு அது. அங்கே 2019 முதல் 2024 வரை தொடர்ந்து ஆறு முறை ஜெயித்துவிட்டு விலகிய கிரிஸ் பம்ஸ்டெட்டுடன் ஒப்பிட வேண்டியிருக்கும். பம்ஸ்டெட் இன்னும் வற்றியவர், அர்னால்டுக்கு நெஞ்சு பெரிது. ஆனால் இதெல்லாம் 1974-ல் கிடைத்த அறிவோடு தயாரான உடம்பைத் தூக்கி வந்து நிறுத்துவது. 23 வயதில் ஒலிம்பியா ஜெயித்த ஆளுக்கு இன்றைய சாப்பாட்டுக் கணக்கும் இன்றைய பயிற்சியாளரும் கிடைத்தால், அவர் வேறு உடம்போடுதான் வருவார்.

மழுப்பாம சொல்லுங்க. உங்க கணக்குல யாரு?

ஓப்பன் பிரிவின் இன்றைய விதிப்படி என்றால் ரோனிதான். அதிலும் 2003-ன் 130 கிலோ ரோனி இல்லை, 1998, 1999 ரோனி. 1998-ல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இரண்டாமிடத்துக்கு ஃப்ளெக்ஸ் வீலர் பெயரைச் சொன்னதும், தான் ஜெயித்துவிட்டோம் என்று புரிந்து ரோனி மேடையிலேயே தரையில் விழுந்தார். அன்றைக்கு அவரிடம் அளவும் இருந்தது, கோடும் இருந்தது, இடுப்பும் சின்னதாக இருந்தது. அடுத்த சில வருடங்களில் அளவு கூடியது, இடுப்பும் பெருத்தது.

பொற்கால விதிப்படி என்றால் ஒலிவா. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் அவருடைய போஸில், அந்த இடுப்புக்கு அந்தக் கை எப்படிப் பொருந்தியது என்பதற்கு இன்றுவரை எனக்கு விளக்கம் இல்லை. அர்னால்ட் ரசிகர்கள் கோபிக்க வேண்டாம். போஸ் கொடுப்பதிலும், எதிராளியை மனதளவில் சாய்ப்பதிலும் அவருக்கு நிகரில்லை, பாதிப் பட்டங்களை அதில்தான் வாங்கினார்.

பெண்கள் பிரிவுலயும் இதே சண்டை உண்டா?

அங்கே இன்னும் வெளிப்படையாக உண்டு, விதி மாறியதை எழுத்திலேயே காட்டலாம். மிஸ் ஒலிம்பியா 1980-ல் தொடங்கியது, முதலில் ஜெயித்தவர் ரேச்சல் மெக்லிஷ். இன்றைய கண்ணுக்கு அவர் உடற்கட்டுக்காரராகவே தெரிய மாட்டார். பிறகு கோரி எவர்சன் ஆறு முறை, லெண்டா முர்ரே எட்டு முறை, ஐரிஸ் கைல் பத்து முறை. உடம்பு பெரிதாகிக்கொண்டே போனது.

2004 டிசம்பரில் போட்டிக்குப் பொறுப்பான அமைப்பே ஒரு அறிவிப்பு அனுப்பியது: பெண் போட்டியாளர்கள் தசையை 20 சதவீதம் குறைத்துக்கொண்டு வர வேண்டும். எந்த 20, எதிலிருந்து 20 என்று கேட்டால் பதில் கிடையாது. 2004-ல் ஜெயித்திருந்த கைல் 2005-ல் யாக்செனி ஒரிக்கெனிடம் தோற்றார். 2006-ல் மறுபடி ஜெயித்து 2014 வரை விடவில்லை, தசையும் குறையவில்லை. 2015 முதல் 2019 வரை அந்தப் போட்டியே நடக்கவில்லை. 2020-ல் திரும்ப வந்தபோது ஜெயித்தவர் ஆண்ட்ரியா ஷா. அவரையும் மெக்லிஷையும் ஒப்பிடச் சொல்லிக் கேட்பவர்களை, இரண்டாவது கேள்வியின் பதிலுக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.